முப்பத்திரண்டு கட்டங்கள்

பெட்டியைப் பிரித்தபோது அதற்குள்
முப்பத்திரண்டு படங்கள் இருந்தன.
ஆப்பிள், பந்து, கடற்கரை, ஒட்டகம்.
பூண்டு இல்லை.
பனி என்று தேடினால்
தொப்பி போட்ட வெள்ளைப் பொம்மை ஒன்று வந்தது,
மூக்கில் கேரட்டைச் செருகிக்கொண்டு.
கேரட் மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

செவ்வாய்தோறும் முதல் பஸ்ஸில் வருகிறவள் நான்.
பூம்பாறையில் இறங்கிப் படம் பிடித்தேன்:
வெயிலில் காயும் பூண்டுக் கட்டு,
காட்டுமாடு சாய்த்த வேலி,
வகுப்பில் ஒவ்வொரு முகமும்,
ஜெசிந்தாவின் அம்மா
(சிரிக்காதீங்க என்றதும் சிரித்துவிட்டாள்),
மேகம் நுழைந்து
கரும்பலகை காணாமல்போன வகுப்பறை.
அந்தக் கட்டத்துக்கு
ஒண்ணும் தெரியல என்று பேர் வைத்தோம்.

அவள் இடக்கைச் சுட்டுவிரல் மட்டும்
சொன்ன பேச்சைக் கேட்கும்.
அதுவும் காலையில் விறைத்துக் கிடக்கும்.
கையுறையைத் தொடுதிரை மதிப்பதில்லை.
அமலோற்பவம் டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து
ஒரு விரலின் நுனியை மட்டும் வெட்டினார்.
கையேட்டில் இல்லாத பக்கம்.

குரல் யாருடையதோ.
கீழே எங்கோ, மின்விசிறிக்கு அடியில்
ஒருத்தி பேசிக் கொடுத்தது.
எனக்கு. தண்ணீர். வேண்டும்.
பேங்கில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி.
ஒரு வாரம் பிள்ளைகள் அதேபோல் பேசித் திரிந்தார்கள்.
பிறகு அது ஜெசிந்தாவின் குரல்.
இப்போது கொடைக்கானல் பேங்கில்
டோக்கன் கூப்பிட்டால்
நான் அவளைத் தேடித் திரும்புகிறேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்,
புத்தக அலமாரியின் கீழ்க்கண்ணாடி உடைந்திருந்தது.
யாரு? என்றார் டீச்சர்.
ஐந்தாம் வகுப்பு மொத்தமும் தரையைப் பார்த்தது.
சக்கர நாற்காலியின் மிதிகட்டையில்
கண்ணாடித் தூள் மின்னிக்கொண்டிருந்தது.
விரல் கிளம்பியது.
அது போகவேண்டிய தூரம் எனக்குத் தெரியும்,
ஒரு சொல்லுக்கு ஒரு நிமிஷம்.
காத்திருந்தோம்.

பாண்டீஸ்வரன்,
என்றது அந்த நிதானமான,
படித்த, சந்தேகமே இல்லாத குரல்.

பாண்டீஸ்வரன் அன்று ஊரிலேயே இல்லை.
மொட்டை போடப் பழனிக்குப் போயிருந்தான்.

பத்து வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய்.
சிரிப்பை வைத்துக்கொள்ள இடமில்லாமல்
நான் வராந்தாவுக்கு ஓடினேன்.

டீச்சர் சிரிக்கவில்லை.
வெளியே போ, என்றார்
எல்லோரிடமும் சொல்கிற அதே தொனியில்.
நாற்காலியை அவரே தள்ளிவந்து
பிரேக் போட்டு,
மப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டு
உள்ளே போய்விட்டார்.

மேகம் ஏறிக்கொண்டிருந்தது.
கேட் போனது, கொடிக்கம்பம் போனது.
ஜெசிந்தாவின் விரல் வெகுநேரம் அலைந்து
ஒரு கட்டத்தில் நின்றது.

ஒண்ணும் தெரியல.

உள்ளேயிருந்து டீச்சர்:
தெரியும்டி, எல்லாம் தெரியும்.