பதினோரு நாள்

செம்பூரில் ஓர் ஏழுமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே ஒரு கம்பம்.
அதில் மூன்று வெள்ளைப் பெட்டிகள்
மூன்று திசையில் முகம் திருப்பிக்கொண்டு நிற்கின்றன,
சண்டை போட்ட ஓரகத்திகள்போல.

நான் தொலைத்தொடர்புத் துறை.
மானியை ஆறு நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும்.
"ஏன் ஆறு?" என்கிறார் புகார்தாரர்,
வாமன் பேட்னேகர், வீட்டு எண் எழுநூற்றிரண்டு.
"விதி" என்கிறேன்.
அதற்கு மேல் சொல்ல மராத்தி வரவில்லை,
தமிழிலும் வந்திருக்குமா தெரியாது.

தீபாவளியிலிருந்து அவர் மனைவியின் தலைக்குள் ஓர் இரைச்சல்.
படுத்தால் கூடுகிறதாம்.
ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்கு ஒரு காரணம் வேண்டும்,
ஜன்னலைத் திறந்தால் கம்பம் தெரிகிறது.

இரண்டாம் நிமிடம்.
மாஹுல் பக்கமிருந்து காற்று திரும்புகிறது, பெட்ரோல் நாற்றம்.
அதை அளக்க வேறு துறை, வேறு மானி, வேறு படிவம்.

மூன்றாம் நிமிடம்.
சொசைட்டி செயலாளர் தேடியா டீ கொண்டுவருகிறார்.
"கம்ப வாடகையிலதான் மேடம் லிஃப்ட் ஓடுது"
என்று என்னிடம் சொல்கிறார், பேட்னேகரைப் பார்த்துக்கொண்டு.
மாதம் இரண்டு முறை அந்த லிஃப்டில்தான்
அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறார்.
மூவருக்கும் அது தெரியும். டீ ஆறுகிறது.

"இதைத் தூரமாகத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்."
கம்பம் தூரம் போனால் காதோரம் இருக்கும் போன்
இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருக்கும், ஐயா.
"கம்பெனிக்காரனும் இதையேதான் சொன்னான்."
உண்மைதான். ஆனால் முதலில் சொன்னவனின் வாசனை
உண்மையிலும் ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

ஆறு.
எண் வந்துவிட்டது: எல்லையில் நூற்றுக்கு இரண்டு பங்கு.
படிவத்தில் இரண்டே கட்டம்,
உள்ளே, வெளியே.

"அப்போ ஆபத்து இல்லையா?"
இந்தியில் பதில் சொல்கிறேன்:
ஆபத்து இருப்பதாக நிறுவப்படவில்லை.
உள்ளுக்குள் அது தமிழில் ஓடுகிறது.
'படவில்லை'.
அந்த வாலுக்குள் எங்கள் துறை முழுதும்
மேசை நாற்காலியோடு குடியிருக்கலாம்.
யார் நிறுவவில்லை, எத்தனை நாள் பார்த்து நிறுவவில்லை
என்று வால் சொல்லாது.

அவர் பதில் பேசவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
என் கையிலிருந்த மானியின் முதுகைப் படிக்கிறார்.
சின்ன ஸ்டிக்கர். அடுத்த அளவுத்திருத்தம்: பதினாலாம் தேதி.
இன்று இருபத்தைந்து.

"முப்பத்தோரு வருஷம் விக்ரோளியில் தரச்சோதனை.
தேதி தாண்டிய வெர்னியரைச்
சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவோம்,
சரியாகவே காட்டினாலும்."

காலையில் அலமாரியிலிருந்து எடுக்கும்போதே நானும் பார்த்தேன்.
இன்னொரு மானி புனே போயிருக்கிறது.
பதினோரு நாளில் எண் மாறிவிடாது,
என் சம்பளத்தையே பந்தயம் கட்டலாம்.
ஆனால் இந்த மனிதர் என்னிடம் பந்தயம் கேட்கவில்லை.

தேடியா கெஞ்சுகிறார்: "உள்ளே-ன்னு டிக் போடுங்க, முடிஞ்சது."
பேனா இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றது.
பிறகு ஓரத்தில், ஸ்டேப்ளர் குத்துமிடத்துக்குக் கீழே,
நுணுக்கி எழுதினேன்:
கருவி காலாவதி. மறுஅளவீடு தேவை.
என் பெயருக்கு இடம் போதவில்லை,
கடைசி இரண்டு எழுத்து கோட்டுக்கு வெளியே.

பேட்னேகர் அதை வாசித்தார்.
நன்றி சொல்லவில்லை. கம்பத்தையும் பார்க்கவில்லை.
ஆறிய டீயை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

எழுநூற்றிரண்டின் கதவு ஒருக்களித்திருந்தது.
உள்ளே டிவி, ஒலி இல்லாமல்.
லிஃப்ட் வந்தது. அலுவலகத்திலிருந்து போனும் வந்தது.
"எண் வந்துச்சா?" அதிகாரி.
"வந்தது சார்" என்றேன். கதவு மூடியது.
"ஆனா அது எண் இல்லை. திரும்ப வரணும்."

லிஃப்டுக்குள் சிக்னல் கிடையாது.
அவருக்கு முதல் பாதி மட்டும் கேட்டிருக்கும்.