சுருள் இல்லாத பெட்டி

ஸ்ரான்லி வீதியில் என் கடை வாசலை மறித்துக்கொண்டு
அந்தப் பழைய றோசா பஸ் வந்து நின்றபோது மணி பத்தரை.
பின்னால் ஓட்டோக்காரர் ஹோண் அடிக்க அடிக்க
ஆறுதலாய் இறங்கி வந்தவள் பெயர் யசிந்தா.
கையில் ஒரு பெட்டி.
"சார்ஜ் காணுதில்லை" என்றாள்.
வணக்கம் சொல்லவில்லை.

கூரையில் இரண்டு பனல், ஒவ்வொன்றும் நானூறு வாட்ஸ்.
உள்ளே ஒரு கட்டில், காஸ் அடுப்பு, ஓவர்லொக் மெசின்,
கை பொருத்தாத பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்,
அறுபது லீற்றர் பிரிட்ஜ்,
அதற்குள் புளித்துப்போன நேற்றைய மீன்குழம்பு.

வீடு இல்லையா என்று கேட்கவில்லை.
மீற்றர் ஏன் எடுக்கேல்லை என்று மட்டும் கேட்டேன்.
"உறுதி கேக்கிறாங்கள்.
உறுதி மல்லாகம் கோட்டில கிடக்கு, எட்டு வருசம்.
ரெண்டு அண்ணன்மார், ஒரு கிணறு, மூண்டு பரப்பு.
சில்லுப் பூட்டின வீட்டுக்கு உறுதி வேண்டாம்.
வாகனப் புத்தகம் காணும்."

கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் போனைச் செருகிப்
பனலின் முதுகுச் சீட்டைப் படமெடுத்து வாசித்தேன்:
திறந்த சுற்றில் நாற்பத்தொன்பது தசம் ஆறு வோல்ற்.
இரண்டையும் தொடராய்க் கட்டியிருந்தாள்.
தொண்ணூற்றொன்பது தசம் இரண்டு.
பெட்டியில் போட்டிருந்தது: உச்சம் நூறு.
"நூறுக்குள்ளதானே?"

நூறுக்குள்தான்.
ஆனால் அந்த இலக்கம் இருபத்தைந்து பாகைக்கு எழுதியது.
சூட்டில் வோல்ற் இறங்கும், குளிரில் ஏறும்.
சித்திரை முழுக்க உங்கட பஸ் தப்பும்.
தை மாதம், கீரிமலைப் பக்கம் எங்கேனும் நிற்பாட்டி,
பனி பெய்து விடிந்து, இருபது பாகையில்
முதல் வெயில் கண்ணாடியில் படுகிற நிமிசம்
நூறைத் தாண்டி அரை வோல்ற் எழும்பும்.
அரை வோல்ற்.
நுளம்பு கடித்த அளவுதான்.
ஆனால் பெட்டி நுளம்புக்கே சாகிற சாதி.

சமாந்தரமாய்க் கட்டுங்கோ என்றேன்.
வோல்ற் கூடாது, அம்பியர் கூடும்,
ஆறு எம்எம் வயர் போடவேணும்.
உங்கட பற்றரி இருபத்துநாலு; ஏறும்போது இருபத்தேழு.
எண்ணூறை இருபத்தேழால் பிரித்தால்
நான் கல்குலேற்றரைத் தேடுமுன் அவள் சொன்னாள்:
"இருபத்தொன்பது தசம் ஆறு.
இதில முப்பது அம்பியர் எண்டு இருக்கு. அப்ப இதே காணும்."

அப்போதுதான் பெட்டியைக் கையில் வாங்கினேன்.
பாரமில்லை.

கூடின வோல்ற்றைக் குறைத்து அம்பியராய் மாற்ற
உள்ளே ஒரு செப்புச் சுருள் வேண்டும்.
செப்பு கனக்கும்.
நாலு ஆணி கழற்றினேன்.
பச்சைத் தகடு, இரண்டு கறுப்புப் பூச்சிகள்,
மிச்சமெல்லாம் காற்று.
வெளியே தங்க எழுத்தில் எம்.பி.பி.ரி.
எண்ணூறில் உள்ளே போனது முன்னூறுகூட இல்லை.
மற்றதெல்லாம் அவள் தலைக்கு மேலே
கூரையிலேயே கிடந்து காய்ந்திருக்கிறது.

எந்தக் கள்ளனிட்ட வாங்கினீங்கள்
என்று கேட்க வாயெடுத்துப் பெட்டியைத் திருப்பினேன்.
பின்பக்கம் என் கடை ஸ்ரிக்கர்.
ஆவணி பதினாலு. ஒரு வருட உத்தரவாதம்.
கையெழுத்து என்னுடையது.

அவள் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.
வெள்ளைச் சட்டையொன்றில் பொத்தான் துளையை
விரலால் அளந்துகொண்டு நின்றாள்.

கொழும்பிலிருந்து காட்போட் பெட்டியில் வந்தவை, பன்னிரண்டு.
ஒன்றையும் நான் திறக்கவில்லை.
பாரமில்லாததை அப்போது
புது மாடல் என்று நினைத்தேன்.

இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கிற ஒன்றைப் பூட்டி
வயர் மாற்றி முடிக்க மூன்று மணி.
மேகம் இருந்தது; ஆனாலும் திரையில்
எட்டு, பதினொன்று, பதினேழு என்று அம்பியர் ஏறியது.
காசு வேண்டாம் என்றேன்.
வயருக்கு மட்டும் எண்ணி வைத்தாள், சில்லறையோடு.
பஸ் கைதடிப் பக்கம் திரும்பிப் போனது.

கடைப் பெடியனைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு
பில் புத்தகத்தை எடுத்தேன்.
வல்லிபுரம், மீன்வாடி, ஒன்று.
சாவகச்சேரி, கோழிப்பண்ணை, இரண்டு.
பெயர் எழுதாமல் விற்றவை மூன்று.
எழுவைதீவு, மருந்து வைக்கிற பிரிட்ஜுக்கு என்று
கேட்டு வாங்கிப்போன ஒரு பெண், ஒன்று.

அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு
பக்கத்துக் கடை அருமைத்துரையைக் கூப்பிட்டேன்:
ஊர்காவற்றுறையில இருந்து
காலமை முதல் படகு எத்தனை மணிக்கு?