துண்டு இல்லாத இறுதி ஆட்டம்

விசிலை வெந்நீரில் போட்டுவிட்டு
இரண்டு கைக்கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.
ஒன்று பொய் சொல்கிறது.
மூன்று நொடிதான், அதிகமில்லை.
எது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

மஞ்சள் அட்டை சட்டைப் பையில்,
சிவப்பு பின்பக்கம்,
கை தவறிக்கூட மாறிவிடக் கூடாதென்று
பதிமூன்று வருஷமாக ஒரே இடம்.
சுண்டிவிட ஒரு பத்து ரூபாய்க் காசு.
காகிதப்பட்டறையில் எந்தக் கடையிலும் வாங்காதது
கோட்டை மைதானத்தில் இன்று ஒரு நாள் செல்லும்.

காட்பாடி ஜங்ஷனில் பார்சல் எடை போடுகிறவன் நான்.
முள் ஆடி நிற்கும்வரை பொறுக்கத் தெரியும்.
பந்துக்கு முள் இல்லை.

இதுவரை எனக்கு வாய்த்த லைன்மேன்கள்
ஆளுக்கொருவராய் அணிகளே தந்தவர்கள்.
கொடி கிடையாது. தோளில் கிடக்கும் துண்டுதான்
வெயிலுக்குத் தலையில், வேர்வைக்குக் கழுத்தில்,
எதிரணி முன்னேறினால் மட்டும் வானத்தில்.

பேரணாம்பட்டில் ஒரு அரையிறுதி.
துண்டு எழவே இல்லை.
கோல் போட்டவன் இரண்டு கஜம் முன்னால் நின்றதை
ஊரே பார்த்தது.
நான் பார்க்கவில்லை.
துண்டுக்காரர் அவனுக்குத் தாய்மாமன் என்று
உடைந்த ஹெட்லைட்டோடு திரும்பும் வழியில்
குடியாத்தம் பெட்ரோல் பங்கில் யாரோ சொன்னார்.

"இந்த முறை தேர்ச்சி பெற்ற துணை நடுவர்கள்"
என்று செயலாளர் போனில் சொன்னபோது
முதலில் வந்தது நிம்மதி இல்லை.

நேற்று சாயங்காலம்
தோட்டப்பாளையம் டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தோம்.
மேல்விஷாரம் அதாவுல்லா, ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.
தோலில் அரை மில்லிமீட்டர் கோணல் அவருக்கு உறுத்தும்.
எப்சிபா, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
நடுவர் தேர்வில் ஒரே ஒரு கேள்வி தப்பு,
அந்தக் கேள்வியே தப்பு என்று இன்னும் வாதாடுகிறவள்.

மசால்வடை கோல்கீப்பர்.
நாலு டீ கிளாஸ் தடுப்பாட்டம்.
சர்க்கரை ஸ்பூன் ஓடி வருகிறது.
"கை மட்டும் முன்னால நீட்டிட்டு இருந்தா?"
"கை கணக்கில்ல சார். தோள் கணக்கு. அக்குள்தான் எல்லை."
எனக்குத் தெரியும்.
அவள் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

"நான் கொடி தூக்கி நீங்க பார்க்கலன்னா?" இது அதாவுல்லா.
"எப்சிபாவும் தூக்குவாங்க. அவங்களைப் பார்த்து உங்களைப் பார்ப்பேன்."
"ரெண்டு பேரும் சரியா இருந்து, நீங்க..."
முடிக்காமல் டீயைக் குடித்தார்.
கோல்கீப்பரை யாராவது சாப்பிடுங்க, ஆறுது
என்றார் கடைக்காரர்.

ராத்திரி மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.
அந்தத் துண்டு எனக்கு எவ்வளவு பெரிய நிழல்!
லைன்மேன் காட்டல, நான் ஊதல.
வீட்டில், ஆபீசில், சங்கக் கூட்டத்தில்
ஒரே வாக்கியத்தை எத்தனை தடவை
வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.
நாளைக்கு அது இருக்காது.

நாலு மணி.
சுண்ணாம்புக் கோடு இன்னும் ஈரம்.
ஆம்பூர்க்காரர்கள் இரண்டு பஸ்ஸில் வந்துவிட்டார்கள்.
ராணிப்பேட்டைக்கு ஒரு தவில், ஓயாமல்.
காசைச் சுண்டினேன்.
"இது செல்லாதே சார்" என்று சிரித்தான் ஆம்பூர் கேப்டன்,
சிங்கம் கேட்டு, தோற்று.

விசில் வாயில்.
மேற்கே பார்த்தேன். அதாவுல்லா கட்டைவிரல் காட்டினார்.
கிழக்கே, கண்ணில் வெயில் குத்த,
எப்சிபா கட்டைவிரல் காட்டவில்லை.
கொடி உயர்ந்து நிற்கிறது.
ஆட்டம் தொடங்கவே இல்லை.

கோல் கம்பத்தடியில் வலை பிரிந்து
ஒரு பந்து நுழைகிற ஓட்டை.
காலையில் அந்த வலையை இழுத்துப் பார்த்தவன் நான்.
காலையில சரியாத்தானே இருந்தது,
ஓடிப்போனபோது வாய்வரை வந்தது அது.

அவள் அதற்குள் உதிரி ஷூ லேஸை எடுத்து
முடிச்சுப் போட ஆரம்பித்திருந்தாள்.
நான் குனிந்து
வலையின் மறுமுனையை இழுத்துப் பிடித்தேன்.
விசில் கழுத்தில் ஆடியது.
கூட்டம் ஊளையிட்டது.
மணி நாலு முப்பத்திரண்டு,
ஒரு கடிகாரத்தில்.