தலைகீழ்க் கிளிகள்

லோரோங் கூலிட் பழஞ்சந்தையில்
தொண்ணூறு ரிங்கிட்டுக்கு ஒரு தையல் மெஷின்.
நேர்த்தையல் மட்டும்தான் போடும்.
வளைவு என்றால் முரண்டு பிடிக்கும்.
நம்ம சாதி என்று தூக்கி வந்துவிட்டேன்.

முதல் துணி கொம்தார் பக்கம் ஒரு கடையின்
கழிவுக் கூடையில் கிடைத்தது:
மஞ்சள் பரப்பில் பச்சைக் கிளிகள், முக்கால் மீட்டர்.
அடியில் மடித்து, இரு பக்கமும் ஓட்டி,
நாற்காலித் திண்டுக்கு உறை தைத்தேன்.
திருப்பிப் பார்த்தால்
பின்பக்கக் கிளிகள் எல்லாம் தலைகீழ்.

துணிக்கும் தலை எது கால் எது என்று
வெட்டும் முன் பார்க்க வேண்டுமாம்.

"வௌவால்" என்றார் குணாளன்.
"தொழிற்சாலையில் வந்திருந்தால்
நீயே தள்ளியிருப்பாய்."

உண்மைதான்.
பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
பூதக்கண்ணாடிக்குக் கீழே
மயிரிழைக் கீறலைத் தேடுகிற கண் எனக்கு.
வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி
குண்டூசி டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

தைத்ததைவிட மிஞ்சியதுதான் எப்போதும் அதிகம்.
துண்டுகளைப் பால்மாவு டின்னில் அடைத்தேன்.
சேதி எப்படிப் பரவியதோ,
ஒன்பதாம் மாடி நோர்ஹஸ்லிண்டா
பாஜு கூரோங் தைத்த மிச்சத்தைக்
கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போனாள்.
சியூ கிம் ஒரு பெருநாள் திரைச்சீலையைத் தந்தாள்,
சிவப்பில் வெள்ளைப் பூ,
ஓரத்தில் ஊதுவத்தி சுட்ட ஓட்டை.

ஓட்டையைச் சுற்றி வெட்டினேன்.
சூடுபிடி துணி இரண்டு.
சலவைக் கடைக்குச் சில்லறைப் பை ஒன்று,
அதன் ஜிப்பை மூன்று முறை பிரித்தேன்,
நாலாவது முறை கோணலாகவே விட்டுவிட்டேன்.
தையலுக்கு விட்ட அரை அங்குலத்தில்
ஒரு கிளியின் அலகு உள்ளே போனது.
அலகில்லாத அது
சியூ கிம்மின் பூக்கிளையில் உட்கார்ந்திருக்கிறது,
நான் உட்கார வைக்கவில்லை.

அலமாரியில் ஐந்து சட்டைகள்,
சாம்பல் நிறம், மார்பில் கம்பெனி முத்திரை.
கம்பெனி ஜூலையில் மூடியது.
நான் அவற்றைத் துண்டு என்று நினைத்துப் பார்த்ததில்லை,
நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன்.

ஒரு ஞாயிறு, கத்தரிக்கோல் பக்கத்தில்
ஒரு சட்டை மடித்து வைத்திருந்தது.
அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து
இன்னொன்றின் முத்திரையைப்
பிரிப்பூசியால் நூல் நூலாக எடுத்துக்கொண்டிருந்தார்.
இரண்டு மணி நேரம்.
நான் கோப்பி வைத்தேன். ஆறிப்போனது.
முத்திரை போன இடத்தில்
ஊசித் துளைகள் அதே எழுத்துகளைச் சொன்னபடி இருந்தன.

"பாக்கெட்டைப் பிரிக்காதே" என்றார்,
அவ்வளவுதான்.

கடைக்குப் போகிற பை தைத்தேன்:
சாம்பல் உடம்பு, கிளிக் கைப்பிடி,
முன்னால் அந்தப் பாக்கெட் பொத்தானோடு.
மறுநாள் அவரே எடுத்துப் போனார்.
கொத்தமல்லி, அரை கிலோ நெத்திலி,
பாக்கெட்டில் மிச்சச் சில்லறை,
அடியில் ஒரு மீட்டர் புள்ளித் துணி.
"எப்படி வெட்டினாலும்
இதற்குத் தலை திரும்பாது."

அந்தப் புள்ளிகள் இன்னும் டின்னுக்கு மேலே
மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.
வெட்ட மனம் வரவில்லை.
எனக்கு வௌவால்கள் பழகிவிட்டன.

அக்டோபரில் மழை சாய்ந்து அடித்தால்
பதினோராம் மாடித் தாழ்வாரத்துத் தண்ணீர்
கதவுக்கு அடியில் உள்ளே வரும்.
டின்னைக் கவிழ்த்து, எல்லாத் துண்டையும் சேர்த்து
மூன்றடி நீளப் பாம்பு ஒன்று தைத்தேன்.
வயிற்றுக்குள் காலி மீன்தொட்டியின் கூழாங்கற்கள்.
அன்றிரவே மழை.
பாம்பு தாக்குப் பிடித்தது.

விடிந்து பார்த்தால்
வெள்ளை ஓடு முழுக்கச் சிவப்பு.
திரைச்சீலையை முதலில் அலசியிருக்க வேண்டும்.
தூக்கக் கலக்கத்தில் நடந்த குணாளன்
ஒரு காலைத் தூக்கி
ரோஜா நிறக் காலுறையைக் காட்டினார்:
"கடித்துவிட்டது."

ஷிப்ட் பஸ் கீழே ஹாரன் அடித்தது.
துடைக்க நேரமில்லை எனக்கு.
இறங்கும்போது மேலே கேட்டது
வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்.