நாலு கொப்பி

ஷட்டரை இடுப்பளவுக்கு மட்டும் தூக்கி வைத்திருக்கிறேன்.
குனிந்து வருபவர்களுக்கே கடை.
பொலிஸ் ஜீப் ஜம்பட்டா வீதியில் திரும்பினால்
எதிர் மாடியில் துணி காயப்போடும் ரிஸ்மியா
வாளியில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.
காலால் இழுத்து மூடிவிடுவேன்.

ஒற்றை எண்ணில் முடிகிற அடையாள அட்டைக்காரர்
இன்று வெளியே வரலாம்.
நான் இரட்டை.
கடைக்குள்ளேயே படுத்தெழும்புவதால்
வெளியே வந்தேனா இல்லையா என்று
அந்த எண்ணுக்கும் தெரியாது.

கடலில் கப்பல் எரிகிற கிழமை.
முகத்துவாரத்து மீன் வேண்டாமென்று
சனம் முட்டைக்கு ஓடுகிறது.

மெஷின் பாவம், வித்தியாசம் பார்ப்பதில்லை.
காலையில் ஊசிப் படிவம்,
மத்தியானம் மரணச் சான்றிதழ்,
ஒரே பச்சை வெளிச்சம்
போய்த் திரும்புகிறது.
பின்பக்கம் மங்கலாய் விழுந்ததென்று
செவ்வாய்க்கிழமை பத்து ரூபாய்க்குச் சண்டை பிடித்துப் போனார்
செபமாலை மாஸ்டர்.
மற்றச் செவ்வாய் அதே அட்டை
மகளின் கையில் வந்தது.
இரண்டு பக்கமும் தெளிவாய் விழுந்தது.
காசு வாங்கவில்லை.
வாங்காததை அவள் கவனிக்கவுமில்லை.

வாசலில் சோக்கால் மூன்று கட்டம் கீறியிருக்கிறேன்.
கட்டத்தில் நிற்கிறவர் எல்லோரும் டொக்டர்.
"போட்டா ரெண்டு வருஷந்தானாம்."
"பிள்ளை தங்காதாம், மச்சாள்ட ஒபிஸ்ல கதைச்சவை."
கையில் கரண்டி ஒட்டுதாம் என்ற பெடியன்
என் தேத்தண்ணிக் கரண்டியை வாங்கி
ஊசி போட்டவர் ஒவ்வொருவரிலும் வைத்துப் பார்த்தான்.
ஏழு முறை விழுந்தது.
எட்டாவது ஆளுக்காகக் காத்திருந்தான்.

பெர்னதெத் அன்ரிக்கு வேறு கவலை.
மகன் பிராம்ப்டனில். விசா வருகிற நேரம்.
சினோபாமைக் கனடா ஏற்குமா?
"உடம்புக்கு எது நல்லதெண்டு கேக்கேல்ல பிள்ளை,
பிளேனுக்கு எது நல்லது?"
முகக்கவசத்துக்குள் சிரித்தேன்.
எனக்கே முதல் ஊசி ஒரு நாட்டிலிருந்து வந்தது.
இரண்டாவது எங்கிருந்து வருமோ, வருமோ வராதோ.
தலைமாட்டில் போன்.
இரண்டு மாதமாய் வருகிற குறுஞ்செய்தி எல்லாம்
ரீலோட் சலுகை.

தியாகு வந்தான்.
பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடை வேலை.
தங்குவது ஒரு கட்டிலின் இரவுப் பாதியில்,
பகற்பாதி இன்னொருவனுக்கு.
முகவரிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
வீட்டுக்காரர் கடிதம் தரமாட்டார்,
கட்டில் கணக்கு வெளியே வந்துவிடும்.
"ஊர்ல பேரு இருக்கு, ஆளு இல்ல.
இங்க ஆளு இருக்கு, பேரு இல்லக்கா."
பொகவந்தலாவைக்குப் பஸ்ஸும் இல்லை.

படிவத்தை வாங்கிய கை
ஒரு கணம் பின்னால் போனது.
இந்தக் கட்டங்களை எனக்குத் தெரியும்.
தங்கியிருப்போர் பெயர், எங்கிருந்து,
எதற்காக, எத்தனை நாள்.
அப்போது இரவில் கதவைத் தட்டிக் கேட்டார்கள்.
அப்போதும் நான்தான் கொப்பி எடுத்தேன்,
கதவுக்குப் பின்னால் ஒன்று, அலுமாரிக்குள் ஒன்று,
கைப்பைக்குள் ஒன்று.
அந்தக் கைப்பை இன்னும் இருக்கிறது.

கடை இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.
உறவுமுறை என்ற இடத்தை
இரண்டு பேருமே பார்க்காத மாதிரி விட்டுவிட்டோம்.

கிராம சேவகர் சோமலதா மிஸ்
இரண்டு முகக்கவசம், மேலே கண்ணாடித் தகடு,
உள்ளே வியர்வை.
என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.
எங்களுக்குப் பின்னால் சந்தி வரை வரிசை.
வெற்றிடத்தில் சிங்களத்தில் கிறுக்கினார்:
மெஹி பதிஞ்சி.
இங்கே வசிப்பவர்.
மை காயுமுன் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் குனிந்து உள்ளே வந்தான்.
இரவு காய்ச்சலாம், இரண்டு பனடோல் போட்டானாம்,
கை இரும்பாய்க் கனக்குதாம்,
அவன் தூக்கிப் பழகிய இரும்பு.
"ஊசி அட்டைய கொப்பி எடுக்கவா?"
"அது கெடக்கட்டும்க்கா."
சட்டைப் பையிலிருந்து
பொலித்தீனில் மடித்த கடிதத்தை எடுத்தான்.
"இதுல நாலு."

ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் வாளிச் சத்தம்.
ஷட்டரை இழுத்தேன்.
அவன் தன் கட்டத்துக்குள்ளேயே நின்றான்.
இருட்டில் அந்தப் பச்சை வெளிச்சம்
இன்னொரு தரம் போய்த் திரும்ப,
நாலாவது
சூடாய் என் கையில் விழுந்தது.