பிடி பச்சை

ஞாயிறு காலை, ஜாமா மசூதிக்குப் பின்புறம்
ஒற்றைச் செருப்புகள், செத்த ரிமோட்டுகள் நடுவே
இக்ராம் எனக்கென்று துணியில் சுற்றி வைத்திருந்தான்.
‘யானைத் தந்தம்’ என்றான், எப்போதும்போல.
எப்போதும்போல நான் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
பிளாஸ்டிக் என்றால் உடனே உறவாகிவிடும்.
இது சில்லென்றே இருந்தது.
வெயிலில் திருப்பினால்
வெண்மைக்குள் ஊசிமுனைப் புள்ளிகள்:
ஒரு காலத்தில் ரத்தம் போய்வந்த வழி.
தந்தத்தில் இது கிடையாது.
‘ஒட்டகம்’ என்றேன்.
‘மாடாகவும் இருக்கலாம்’ என்று சிரித்து
நானூறு குறைத்தான்.

வீட்டில் பத்தொன்பது இருக்கின்றன.
வெங்காயம்கூட ஏறாத வீடு.
அந்த இழுப்பறையை உப்பிலி ‘மயானம்’ என்பார்.
மாதம் ஒருமுறை தையல்மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு,
பழைய வேட்டித் துணி.
என்னிடம் வந்தபின் ஒன்றும் எதையும் வெட்டியதில்லை.
நான் வேலை பார்ப்பது ஓய்வூதியப் பிரிவில்.

மெட்ரோவில் பை உருண்டு உள்ளே போனது.
திரையில் பார்த்தேன்:
அலகு கருநீலம்,
கொய்யாக்கள் ஆரஞ்சு,
பிடி மட்டும் பச்சை.
என்றைக்கோ செத்த எலும்பு
அப்படியொரு பச்சை.

‘மேடம், ஓரமா வாங்க.’
பெயர்ப்பட்டையில் பிம்லேஷ்.
நகத்தால் நெம்பித் திறந்தாள்.
டக்.
பத்தொன்பதில் ஒன்றுக்கும் இப்படியொரு டக் வாய்க்கவில்லை.
விரல் வைத்து நீளம் அளந்தாள்.
‘இது எதுக்கு?’

என் ஹிந்திக்கு முப்பது வயது.
பஞ்சப்படி, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் பேசும்.
இதற்குத் தமிழிலேயே பதில் இல்லை.
‘பழம் நறுக்க.’
பொய்தான்.
பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
‘நறுக்குங்க.’

வரிசை நின்றது. யாரோ உச்சுக் கொட்டினார்கள்.
மணல்மூட்டைமேல் கைக்குட்டை விரித்துக் கொய்யாவை வைத்தேன்.
யார் யாரோ பிடித்துப் பிடித்து வழவழத்த எலும்பு
உள்ளங்கைப் பள்ளத்தில் தானே வந்து உட்கார்ந்தது.
என்னைவிடக் கத்திக்கு
என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.
நாலு துண்டு.
இரண்டை நின்றபடியே தின்றாள் பிம்லேஷ்.
‘உப்பில்லையே’ என்றாள்.
உப்பிலி வீட்டில் இருக்கிறார் என்று சொல்ல வாய்வரை வந்தது;
ஹிந்தியில் அது சிரிப்பில்லை.
‘விரலத்தனைதான் இருக்கு, போங்க.’

ராத்திரிக்குள்
கொய்யா பட்ட இடம் நீலம் பாரித்துவிட்டது.
எண்ணெய் எடுத்தேன், துணி எடுத்தேன்,
இரண்டையும் திரும்ப வைத்தேன்.
‘இருபதா?’ என்றார் அவர், பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.
ம்.

கீலில் ஒரு விதை மாட்டியிருக்கிறது.
மூடும்போதெல்லாம்
லேசாகக் கடிக்கிறது.