ஆறாம் பாகம்

ஆறு பாகத்திலும் முதலில் சாகிறவன்
மீன்பிடிக்கிறவன்தான்.
படத்தின் பெயர் போடுவதற்குள் முடிந்துவிடும்.
சின்னப் படகு, ஒரு லாந்தர்,
தண்ணீர் கொஞ்சம் வீங்கும்,
அவன் எட்டிப் பார்ப்பான்.
அப்புறம் விஞ்ஞானிகள் வருவார்கள்.

மூக்கையூருக்குத் தெற்கே வலையைப் போட்டுவிட்டு
களஞ்சியத்தின் கைபேசியில் பார்க்கிறோம்,
நாலு பேர், கீறல் விழுந்த ஒரு திரை.
"எட்டிப் பாக்காதடா" என்கிறான் இன்னாசி.
அஞ்சு பாகத்திலும் சொன்னான்.
இவனும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் தமிழ்க் குரல் கொடுத்திருக்கிறார்கள்.
இவனுக்கு அலறல் மட்டும்;
அதை மாற்ற வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள்.

மிருகம் கரையேறுகிறது.
முதுகு மட்டும் பாம்பன் பாலத்து நீளம்.
மாடி மாடியாகப் பிய்த்துப் போடுகிறது.
நகரத்தில் செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி, மௌனம், கொடி இறக்கம்.
படகுக்காரன் பெஞ்சாதி
எந்தப் பாகத்திலும் வரவில்லை.
அவளிடம் யார் போய்ச் சொன்னது?
சங்கத்தில் எழுதிக் கொடுத்தாளா?
உடல் கிடைக்காவிட்டால் ஏழு வருஷம்
காத்திருக்கச் சொன்னார்களா?

களஞ்சியத்தின் அக்காளுக்கு
இது அஞ்சாவது வருஷம்.

அவன் ஒன்றும் பேசாமல்
படத்தைப் பின்னால் இழுக்கிறான்.
இடிந்த மாடிகள் எழுந்து நிற்கின்றன.
மிருகம் பின்னங்காலில் கடலுக்குள் போகிறது.
பலகைகள் கூடிப் படகாகின்றன. லாந்தர் எரிகிறது.
தண்ணீர் தட்டையாகக் கிடக்கிறது.
அங்கேயே விரலை வைத்திருக்கிறான்.
சார்ஜ் நாலு சதவீதம்.

திரை அணைந்த நேரம்
வலையின் மடியை ஏதோ இழுத்தது.
கயிறு கிறீச்சிட, படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

யாரும் அசையவில்லை.
அணியத்தில் இருந்தவன் நான்.
எட்டிப் பார்த்தேன்.